பெட்டி சுவர் ஏறிய கதை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வகுப்பில் வரலாறு படித்து, அதையே முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடமாக நடத்தியவன் என்பதால் என் தலையில் இந்தப் பொறுப்பு விழுந்தது. சோழர் காலத்து நீர்ப்பாசனம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை என்று எதையாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த ஒரு வரலாறு. நம் வீட்டு டி.வி. எங்கே இருந்தது, இப்போது எங்கே போயிருக்கிறது, அதன் முன்னால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற வரலாறு.

இதை எழுத ஒரு காரணமும் உண்டு. சமீபத்தில் எங்கள் வீட்டில் பழைய டி.வி. மண்டையைப் போட்டுவிட்டது. ஹால் சுவரில் மாட்டுவதற்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். "போய் வாங்கினா முடிஞ்சுது, இதுல என்ன வரலாறு?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு டி.வி.யைத் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதவு வைத்த பெட்டி

நாம் 1980-ல் பி.ஏ. சேர்ந்தபோது சென்னைத் தொலைக்காட்சிக்கு ஐந்து வயது. 1975 ஆகஸ்ட் 15 அன்று அது தொடங்கியது. நம் விடுதிப் பொது அறையில் இருந்த டி.வி. நினைவிருக்கிறதா? நான்கு கால் வைத்த மரப்பெட்டி. முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் ஷட்டர் கதவு. அதற்கு ஒரு பூட்டு. சாவி வார்டனிடம். பக்கத்திலேயே ஸ்டெபிலைசர், டி.வி.யை விட அதிகமாகச் சத்தம் போடும். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள் அப்போது பிரபலம். கறுப்பு வெள்ளைதான். வீட்டில் டி.வி. வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசுக்குப் போய் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். இன்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்த லைசென்ஸ் முறை 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது.

வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வந்தால் பொது அறையில் கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு மாலை சினிமா என்றால் மெஸ்ஸில் சாப்பாடு ஆறிப்போகும். நடுவில் படம் நின்று "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை வரும். அதையும் ஐந்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். மொட்டை மாடியில் ஒருவன் ஆண்டெனாவைத் திருப்ப, படிக்கட்டில் ஒருவன் நின்று தகவல் சொல்ல, "இப்ப தெரியுதா?", "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல", "டேய், போச்சுடா!" இதெல்லாம் நாம் எல்லோரும் செய்த வேலைதான்.

ஆனால் அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்தோம் என்பதை யாராவது யோசித்ததுண்டா? முன்னால் இருந்த பெஞ்சு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு. இரண்டாம் ஆண்டு பின் பெஞ்சில். முதல் வருடத்துப் பையன்கள் தரையில். மெஸ்ஸில் பரிமாறிய அண்ணன்மார்கள் பாத்திரம் கழுவிவிட்டு வந்து வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றபடி பார்ப்பார்கள். உள்ளே வாங்க என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர்களும் கேட்டதில்லை.

ஊருக்கு ஒன்று

டி.வி. நம் நாட்டுக்கு வந்தபோது வீட்டுப் பொருளாக வரவில்லை. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில், பெட்டிகளைப் பொது இடங்களில் வைத்து, சுற்றி மன்றங்கள் அமைத்து, ஜனங்களைக் கூட்டி வைத்துக் காட்டினார்கள். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம். ஆந்திராவும் கர்நாடகமும் அந்த ஆறில் உண்டு, தமிழ்நாடு இல்லை. ஒரு கிராமத்துக்கு ஒரு பெட்டி, அதுவும் பொது இடத்தில்.

பிறகு நம் ஊர்ப்பக்கமும் பஞ்சாயத்து டி.வி. வந்தது. சின்னதாக ஒரு அறை கட்டி, உள்ளே பெட்டியை வைத்துப் பூட்டி, சாயந்தரம் மட்டும் திறப்பார்கள். வெளியே மண் தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொது என்றுதான் பேர். ஆனால் அந்த அறையை எந்தத் தெருவில் கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. ஊர்த் தெருவில் கட்டினால் காலனிப் பிள்ளைகள் எங்கே உட்காருவது என்பது ஒரு பிரச்சினை. உட்காரலாமா என்பதே பல ஊர்களில் பிரச்சினை.

நம் வகுப்புத் தோழன் ஒருவன் இராமநாதபுரம் கடலோரத்துக்காரன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும். இலங்கையில் 1982 பிப்ரவரி 15 அன்று ரூபவாகினி தொடங்கியது. சென்னை ஒளிபரப்பு எட்டாத தென்கோடிக் கடலோரத்தில், உயரமான குழாயில் ஆண்டெனா கட்டினால் கடல் தாண்டி ரூபவாகினி தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கத்து ஜனங்களில் பலர் முதன்முதலில் டி.வி. பார்த்ததே இலங்கை ஒளிபரப்பில்தான். அவன் ஊரிலும் ஒரு வீட்டில் பெட்டி வந்தது. கோடை விடுமுறைக்குப் போன நம் தோழன் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தான்.

போன மாதம் போனில் பேசும்போது இதைச் சொன்னான்: "ஹாஸ்டல்ல உங்க கூட பெஞ்சுல உக்காந்து பாத்தேன்டா. அதே நான் ஊருக்குப் போனா ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுவும் அந்த வீட்டுப் பெரியவர் வந்தா தள்ளிப் போயிடணும். டிகிரி படிக்கிறவன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சா என்ன?"

நாற்பது வருடம் கழித்து இதைச் சொல்கிறான். அன்று விடுமுறை முடிந்து விடுதிக்கு வந்தவன், ரூபவாகினியில் பார்த்த படத்தின் கதையைத்தான் நமக்குச் சொன்னான். ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை.

'அந்தக் காலத்துல தெருவே ஒண்ணா உக்காந்து டி.வி. பார்த்தோம்' என்று நாம் இப்போது பெருமூச்சு விடுகிறோம். உண்மைதான். அதே சமயம், ஒன்றாகப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மட்டத்தில் உட்காரவில்லை என்பதும் உண்மை. நாலணா வாங்கிக்கொண்டு சினிமா பார்க்கவிட்ட வீடுகளும் நம் தெருவில் இருந்தன.

ஷோகேஸ் ராஜா

1982-ல் கலர் வந்தது. ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவையும், நவம்பர், டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளையும் தூர்தர்ஷன் கலரில் காட்டியது. 1984-ல் நாடெங்கும் சின்னச் சின்ன ரிலே நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. சில மாதங்கள் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற கணக்கில். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் தோளில் டூ-இன்-ஒன், கையில் கலர் டி.வி. என்று விமான நிலையத்தில் இறங்கினார்கள். கல்யாணச் சீர் வரிசையில் கட்டில், பீரோவோடு டி.வி.யும் சேர்ந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இன்னொரு சுமை.

வீட்டில் அதற்கென்று ஒரு சிம்மாசனமும் தயாரானது. தேக்கிலோ பிளைவுட்டிலோ ஷோகேஸ். நடுவில் டி.வி.க்கு ஒரு பெரிய கட்டம், அதன் இரு பக்கமும் கண்ணாடிக் கதவுக்குள் பொம்மைகள். பெட்டிக்கு எம்பிராய்டரி போட்ட துணி உறை. தலைமேல் ஒரு தலையாட்டி பொம்மை. அதுவரை ஹாலில் யார் வந்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படிதான் நாற்காலிகள் இருக்கும். டி.வி. வந்த பிறகு எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் திரும்பின.

'டெக்' வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டது, 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலை இந்தி புரியாத வீடுகளிலும் 'ராமாயண்' ஓடியது, அடுத்து 1988 அக்டோபர் முதல் 1990 ஜூன் வரை 'மகாபாரத்', இதையெல்லாம் விரிவாக எழுதினால் மலர் தாங்காது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்தது. தமிழிலேயே தனியார் சேனல். கேபிள்காரர் தெருவுக்குத் தெரு வயர் இழுத்தார். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் டி.வி. பார்ப்பது மெல்ல மெல்லக் குறைந்து, அவரவர் வீட்டில் அவரவர் சீரியல் என்று ஆனது.

இதில் என் கண்ணில் முக்கியமான தேதி 2006 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. சில வருடங்களில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அரசுப் பணத்தை இதற்குச் செலவழிக்கலாமா என்று அன்று பெரிய விவாதம் நடந்தது. ஆசிரியர் ஓய்வறையில் நாங்களும் காரசாரமாக விவாதித்தோம். ரோடு போடலாமே, பள்ளிக்கூடம் கட்டலாமே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அந்த விவாதம் இன்றும் தீரவில்லை.

நம் இராமநாதபுரத்துத் தோழனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவன் அப்போது பாங்கில் அதிகாரி. ஊரிலிருந்த அம்மாவுக்கு 29 அங்குல டி.வி.யாக வாங்கி அனுப்பினான். அந்த அம்மா அதை மகள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அரசாங்கம் கொடுத்த 14 அங்குலத்தையே கடைசி வரை வைத்துக்கொண்டார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "இது என் பேருக்கு வந்ததுய்யா. நான் யார் வீட்டு வாசல்லயும் நிக்காம பாத்த மொத டி.வி. இதுதான்" என்று சொன்னார்களாம்.

திட்டத்தின் லாப நஷ்டத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் கணக்குப் போடட்டும். ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி இளைத்த விதம்

பெட்டி ஏன் அவ்வளவு பருமனாக இருந்தது? 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயின் பேரப்பிள்ளைதான் நம் பழைய பிக்சர் டியூப். பின்பக்கக் கழுத்திலிருந்து எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, காந்தத்தால் வளைத்து, முன்கண்ணாடியின் மூலை முடுக்கெல்லாம் படவைக்க வேண்டும். வளைவதற்கு இடம் வேண்டும் அல்லவா? திரை அகலமானால் முதுகும் நீளும். உள்ளே வெற்றிடம், காற்றின் அழுத்தம் தாங்கக் கனமான கண்ணாடி. 29 அங்குலப் பெட்டி என்றால் நாற்பது கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி இறக்கியவர்களுக்கு இடுப்பு இன்னும் வலிக்கும்.

சுவரில் படம் போல் மாட்டும் டி.வி.க்கு வழி காட்டியது ஒரு கல்லூரி என்பது நமக்கெல்லாம் சந்தோஷமான செய்தி. 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களின் ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் வில்சன் ஆகிய மூவரும் பிளாஸ்மா திரையைக் கண்டுபிடித்தார்கள். சினிமா பார்ப்பதற்காக அல்ல. கம்ப்யூட்டர் மூலம் பாடம் நடத்த அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த 'பிளேட்டோ' என்ற அமைப்புக்காக. 1968-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹெயில்மெயரின் குழு திரவப் படிகத்தால் ஆன திரையைக் காட்டியது. அதை ஜப்பானியர்கள் கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் கொண்டுபோய், 1988-ல் ஷார்ப் நிறுவனம் 14 அங்குல எல்.சி.டி. திரை வரை வளர்த்தது.

1997-ல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் 42 அங்குல பிளாஸ்மா டி.வி. அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது விலை 14,999 டாலர். பத்தே வருடம். 2007 கடைசியில் உலகம் முழுக்க விற்ற டி.வி.களில் எல்.சி.டி.யின் எண்ணிக்கை பழைய டியூப் பெட்டியைத் தாண்டியது. பிளாஸ்மா அந்தப் பந்தயத்தில் தோற்று 2014 வாக்கில் நின்றேபோனது. இன்று கடையில் எல்.இ.டி. டி.வி. என்று விற்பது பெரும்பாலும் எல்.சி.டி.தான், பின்னால் வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பல்பு வைத்திருக்கிறார்கள். ஓ.எல்.இ.டி. என்பது வேறு ஜாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், விலையும் அப்படியே கண்ணைப் பறிக்கும்.

பெட்டி இளைத்ததும் ஷோகேஸ் வேலையிழந்தது. தலையாட்டி பொம்மை வைக்க இடமில்லை. டி.வி. நேரே சுவருக்குப் போனது. சுவரில் ஏற்கெனவே சிலர் இருந்தார்களே, அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் வீட்டுச் சுவர்

நம் வீடுகளில் ஹால் சுவருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1894-ல் ரவிவர்மா அச்சகம் வைத்து அச்சடித்த சாமி படங்கள், பிறகு சிவகாசி காலண்டர், பெண்டுலம் கடிகாரம், ஸ்டூடியோவில் எடுத்த கல்யாண போட்டோ, காலமான பெரியவர்களின் படம். எங்கள் ஹாலில் சோபாவுக்கு நேர் எதிர்ச் சுவரில் என் அப்பாவின் படம், சந்தன மாலையோடு. பழைய டி.வி. மூலையில் ஸ்டாண்டில் இருந்ததால் இதுவரை சுவருக்குப் போட்டி இல்லை.

மகன் 65 அங்குலம் என்றான். மனைவி 43 போதும் என்றாள். மகன் சொன்னதில் கணக்கு இருந்தது. திரையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்தால் தியேட்டர் மாதிரி இருக்கும் என்பது ஒரு விதி. எங்கள் சோபாவுக்கும் சுவருக்கும் ஒன்பது அடி. கணக்குப்படி 65 சரிதான். ஆனால் 65 அங்குலம் என்றால் அகலம் 144 சென்டிமீட்டர், உயரம் 81. அப்பா இறங்கியாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. அம்மாவுக்கு 86 வயது. அவர் உட்காருவது சோபாவில் அல்ல. படுக்கையறை வாசலை ஒட்டிய சாய்வு நாற்காலியில். எழுந்து போக வர அதுதான் வசதி. அங்கிருந்து அந்தச் சுவர் கோணலாகத்தான் தெரியும். அவர் பார்ப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், சாதாரண கேபிள் சேனலில்.

கடைக்குப் போனால் எல்லா டி.வி.யும் ஒன்றைவிட ஒன்று பளபளக்கிறது. கடை வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி கலரை ஏற்றி, அதற்கென்றே எடுத்த பூந்தோட்டப் படத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். "தம்பி, வீட்ல பாக்கற மாதிரி செட்டிங் மாத்துங்க, சாதா கேபிள் சேனல் ஒண்ணு போடுங்க" என்று கேட்டேன். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. 4கே திரையில் 83 லட்சம் புள்ளி. சாதாரண சேனலில் வருவது நாலு லட்சம் சொச்சம். இருபது மடங்கு இழுத்து நிரப்ப வேண்டும். 65 அங்குலத்தில் சாவித்திரியின் முகம் தண்ணீர் பட்ட ஓவியம் போல் கலங்கியது. 50 அங்குலத்தில் பரவாயில்லை.

அடுத்து, நேரே நின்று பார்க்காமல் நாலடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். எல்.சி.டி. திரையில் இரண்டு ரகம் உண்டு. வி.ஏ. என்ற ரகத்தில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். என்ற ரகத்தில் கறுப்பு சற்றுச் சாம்பல் பூத்திருக்கும், ஆனால் கோணத்தில் உட்கார்ந்தவருக்கும் படம் ஒழுங்காகத் தெரியும். சோபாவில் இருப்பவர்களுக்கு முதல் ரகம் நல்லது. அம்மாவுக்கு இரண்டாவது. சுவரில் மாட்டும் டி.வி. வாங்குகிற நண்பர்கள் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஓரத்தில் உட்காருபவர் யார் என்று தெரிந்தால் எந்தத் திரை என்பது தெரிந்துவிடும்.

மற்ற யோசனைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலில் மாட்டுவது போல் உத்தரத்தை ஒட்டி மாட்டாதீர்கள், கழுத்து போய்விடும். சோபாவில் உட்கார்ந்தால் கண் மட்டம் ஏறக்குறைய மூன்றரை அடி, திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் வரட்டும். எதிரில் ஜன்னல் இருந்தால் பகலில் உங்கள் முகம்தான் தெரியும். சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரா, நாலரை அங்குலத் தடுப்பா, உள்ளே கூடான பிளாக்கா என்று கேட்டு அதற்கேற்ற போல்ட் போடச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளை போட்டால் உள்ளே வயர் இருக்கும், ஜாக்கிரதை. மெல்லிய டி.வி.யில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருக்கும். காது மந்தமானவர்கள் இருந்தால் தனி ஸ்பீக்கருக்கும் பணம் ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மிச்சமானதை இதற்குப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு பார்த்தும் அப்பா படம் என்ற கேள்வி நின்றது. படத்தை இறக்குவது பற்றி அம்மாவிடம் பேச யாருக்கும் தைரியம் இல்லை. மூன்று வாரம் ஆனதற்கு இதுதான் காரணம். ஒருநாள் இரவு சாப்பிடும்போது அம்மாவே சொன்னார்:

"ஏன்டா, நீங்க எல்லாரும் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? எடுத்து என் ரூம்ல, கட்டிலுக்கு நேரா மாட்டு. ஹால்ல மாட்டி பன்னெண்டு வருஷமாச்சு. மாலையத் தொடைக்கிறதோட சரி, யாரு நின்னு பாக்கறீங்க? எனக்குப் படுத்துக்கிட்டே பாக்கணும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகன்தான் முதலில் எழுந்து டேப் எடுத்து வந்தான், அம்மாவின் அறைச் சுவரை அளக்க. "பாட்டி, இந்த உயரம் சரியா?" என்று படுக்கவைத்துக் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்தான். 65 அங்குலத்தைப் பற்றி அதன் பிறகு அவன் பேசவில்லை.

கடைசியில் வாங்கியது 50 அங்குலம், ஐ.பி.எஸ். ரகம். சுவரோடு ஒட்டி நிற்கும் ஸ்டாண்டுக்குப் பதிலாக, முழங்கை போல் மடங்கித் திரும்பும் ஸ்டாண்டு. டி.வி. பத்துப் பன்னிரண்டு கிலோதான், ஆனால் கையை நீட்டினால் போல்ட்டுக்கு இழுப்பு அதிகம். எங்கள் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், தாங்கியது. மத்தியானம் அம்மா சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் டி.வி.யை அவர் பக்கம் திருப்பிவிடுகிறோம். சாயந்தரம் சோபாப் பக்கம். அம்மாவை நகர்த்துவதை விட டி.வி.யை நகர்த்துவது சுலபம்.

முன்வரிசை

வரலாறு என்று தொடங்கி வீட்டுக் கதையில் முடிக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். 1959-லிருந்து பார்த்தால் இந்தப் பெட்டி இருந்த ஒவ்வோர் இடமும் சிலருக்கு இடம் கொடுத்தது, சிலரை ஓரத்தில் நிறுத்தியது. பஞ்சாயத்து அறையும் அப்படி, ஷோகேஸும் அப்படி, நம் விடுதிப் பொது அறையும் அப்படி. எங்கே வைப்பது, யார் நன்றாகப் பார்ப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். இப்போது அந்த முடிவை எடுக்கும் வயதும் பொறுப்பும் நம்மிடம் வந்திருக்கிறது. வீட்டில் கடைசியில் உட்காருகிறவரை முதலில் நினைத்து வாங்கினால் எந்த டி.வி.யும் நல்ல டி.வி.தான்.

இந்தச் சந்திப்பு விழாவில் பழைய புகைப்படங்களைப் பெரிய திரையில் காட்டப்போவதாக விழாக் குழுவினர் சொன்னார்கள். நம் காலத்து மெஸ் அண்ணன்மார்களில் இருவர் இன்றும் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். அவர்களைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறோம். விழாக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள்: முன்வரிசையில் நடு நாற்காலிகள் இரண்டை அவர்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். இராமநாதபுரத்துத் தோழனும் வருகிறான். அவன் பக்கத்தில் பெஞ்சுல எனக்கு ஒரு இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அனைவரும் குடும்பத்துடன் வருக. நேரில் பேசுவோம்.